பூச்சி மாத்திரை கொடுத்த பிறகும் நாய்க்குப் புழு வருவது ஏன்?

"போன மாசம்தானே பூச்சி மாத்திரை கொடுத்தோம், மறுபடியும் புழு வருதே டாக்டர்?" கால்நடை மருத்துவமனை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். கேட்பவருக்கு மாத்திரை மேல்தான் சந்தேகம். போலி மருந்தோ, பழைய சரக்கோ, விலை மலிவானதை வாங்கியதால் வந்த வினையோ என்று மனது அலையும்.

பெரும்பாலும் மாத்திரை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அன்றைக்குக் குடலுக்குள் இருந்த புழுக்களைக் கொன்றிருக்கும், ஓரிரு நாளில் மருந்தும் உடம்பைவிட்டு வெளியேறியிருக்கும். தடுப்பூசிபோல மாதக்கணக்கில் காவல் இருக்கும் சரக்கு அதில் இல்லை. மூன்றாம் நாள் நாய் ஒரு புழு முட்டையை விழுங்கினால் கதை முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. குடற்புழு என்று பெயர் இருந்தாலும் இந்த ஜீவன்கள் வாழ்நாள் முழுக்கக் குடலிலேயே கிடப்பதில்லை. கொஞ்ச காலம் மண்ணில், கொஞ்ச காலம் நாயின் தசையில், சில வகை தெள்ளுப்பூச்சியின் வயிற்றில், சில வகை ஆட்டின் ஈரலில் இருக்கின்றன. மாத்திரை எட்டுவது குடலை மட்டும்தான். ஆகவே எந்தப் புழு எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் மாத்திரைக்குப் பணம் செலவழித்ததில் அர்த்தம் இருக்கும்.

உருளைப்புழு: தாயிடமிருந்து வரும் சீதனம்

குட்டி நாய் வாந்தி எடுக்கும்போது வெள்ளையாக, நீளமாக, சில சமயம் சுருண்டு நெளிந்துகொண்டு வெளியே விழுந்து வீட்டையே அலற வைக்கும் புழு இதுதான். நன்றாக வளர்ந்த பெண் புழு ஒரு சாண் நீளத்தைக்கூட நெருங்கும். ஒரு பெண் புழு ஒரே நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அத்தனையும் மலத்தோடு மண்ணுக்குப் போகும். அங்கே 2 முதல் 4 வாரத்தில் முட்டைக்குள் இளம்புழு வளர்ந்து, நோயைப் பரப்பத் தயாராகிவிடும். ஓடு கெட்டியானது என்பதால் அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். ஃபினாயில் ஊற்றினாலும் பிளீச்சிங் பவுடர் தூவினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

வளர்ந்த நாய் ஒன்று இந்த முட்டையை விழுங்கினால் என்ன நடக்கும்? முட்டையிலிருந்து வரும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசைகளிலும் சிறுநீரகம் போன்ற உறுப்புகளிலும் போய் ஒடுங்கிவிடும். வளராது, முட்டையிடாது, சும்மா கிடக்கும். நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. மலத்தைப் பரிசோதித்தாலும் ஒன்றும் அகப்படாது. வழக்கமாகக் கொடுக்கும் பூச்சி மாத்திரைக்கும் அது தட்டுப்படாது.

பெண் நாய் சினையானதும் நிலைமை மாறுகிறது. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். அதில் ஏறக்குறைய 42ஆம் நாள் வாக்கில் தசைக்குள் கிடந்த இளம்புழுக்கள் விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குட்டிகளின் ஈரலுக்குப் போய்ச் சேர்கின்றன. குட்டி பிறந்ததும் ஈரலிலிருந்து நுரையீரல், அங்கிருந்து தொண்டை, தொண்டையில் விழுங்கப்பட்டு மறுபடி குடல் என்று ஒரு சுற்றுப் பயணம். மூன்று வாரக் குட்டியின் குடலில் முழுதாக வளர்ந்த புழு இருக்கும். கண் திறந்து ஒரு வாரம்போலத்தான் ஆகியிருக்கும், அதற்குள் அந்தக் குட்டி முட்டை பரப்பும் இடமாக ஆகிவிடுகிறது. போதாக்குறைக்குத் தாய்ப்பால் வழியாகவும் கொஞ்சம் வந்து சேரும்.

இதனால்தான் "வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்கு எப்படிப் புழு வரும்?" என்ற கேள்விக்கு இடமே இல்லை. பிறக்கும்போதே இருக்கிறது என்று வைத்துக்கொள்வதுதான் சரி. தாயின் உடம்பில் இருக்கும் இருப்பு ஒரு ஈத்தோடு தீர்ந்துவிடுவதும் இல்லை. அடுத்த ஈத்துக்கும் மிச்சம் வைத்திருக்கும்.

புழு அதிகமான குட்டியை அடையாளம் காண்பது சுலபம். உடம்பு மெலிந்து, வயிறு மட்டும் பானையாக உப்பி, ரோமம் பளபளப்பில்லாமல் நட்டுக்கொண்டு நிற்கும். இளம்புழு நுரையீரலைக் கடக்கும் சமயத்தில் இருமல்கூட வரும். வயிறு பெருத்த குட்டியைப் பார்த்து "நல்லா சாப்பிடுது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள், சாப்பாடு யாருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

கொக்கிப்புழு: அளவில் சிறியது, ஆபத்தில் பெரியது

உருளைப்புழுவைப் பார்த்துப் பயப்படுகிற நாம் உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நீளம் 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். மலத்தில் கண்ணுக்குப் படுவதே அபூர்வம். வாயில் வளைந்த பற்கள் இருக்கின்றன. அவற்றால் சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும். குடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளையும் சுரக்கும். ஓர் இடத்தில் குடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்த பிறகும் பழைய காயத்திலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.1 மில்லி வரை இரத்தம் போகலாம். அற்பம் என்று தோன்றும். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 புழு இருந்தால் 10 மில்லி. 1 கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே 80, 90 மில்லிதான். தினமும் அதில் எட்டில் அல்லது ஒன்பதில் ஒரு பங்கு போனால் எத்தனை நாள் தாங்கும்?

இதுவும் தாய்ப்பால் வழியாக வரும். அதனால் இரண்டு வாரக் குட்டிகள்கூடக் கொக்கிப்புழுவால் சோர்ந்து விழுவது உண்டு. அந்த வயதில் புழு இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது என்பதால் மலப் பரிசோதனையில் "ஒன்றும் இல்லை" என்று வரக்கூடும். அங்கே பார்க்க வேண்டியது ஈறு. குட்டியின் மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்குங்கள். இயல்பான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி சிவக்கும். அழுத்தாமலேயே வெளுத்துக் கிடந்தால் காத்திருக்க நேரமில்லை. மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாகப் போவதும் இதே எச்சரிக்கைதான். குடலின் மேல்பகுதியில் கசிந்த இரத்தம் செரித்து வெளியே வரும்போது கறுப்பாகத்தான் இருக்கும்.

மண்ணில் விழுந்த கொக்கிப்புழு முட்டை, வெப்பமும் ஈரமும் இருந்தால் ஓரிரு நாளிலேயே பொரிந்துவிடும். ஒரு வாரம்போல ஆனதும் இளம்புழு தொற்றத் தயார். நாய் அதை நக்கி விழுங்கலாம், அல்லது அது நாயின் தோலை, முக்கியமாகக் கால்விரல் இடுக்கை, துளைத்துக்கொண்டே உள்ளே போகலாம். தோல் வழியாகக் கொக்கிப்புழு நுழையும் என்பதே ஒரு விபத்தில்தான் தெரிய வந்தது. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர், மனிதக் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீரைத் தன் கைமேல் சிந்திக்கொண்டார். கை அரித்துச் சிவந்தது. பிறகு அவர் மலத்திலேயே புழு முட்டைகள் வந்தன. வெறுங்காலோடு நடப்பதற்கும் கொக்கிப்புழுவுக்கும் உள்ள தொடர்பு அங்கிருந்துதான் தெளிவாயிற்று. நாயோ எப்போதும் வெறுங்கால்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டின் பின்புறம் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நாய் வழக்கமாக மலம் கழிக்கும் மூலையும் அதுதான் என்றால் கொக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்! கோடை வெயிலில் காய்ந்த மண்ணில் இந்த இளம்புழு தாக்குப்பிடிக்காது. உருளைப்புழு முட்டையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுதான் நமக்கு ஆறுதல்.

"மறுபடி ஏன் வந்தது?" என்பதற்குக் கொக்கிப்புழுவிடம் இன்னொரு பதிலும் இருக்கிறது. சில இளம்புழுக்கள் நாயின் தசையில் பதுங்கியிருக்கும். குடலில் இருக்கும் பெரிய புழுக்களை மாத்திரை கொன்றதும், இடம் காலியானது தெரிந்ததுபோல இவை கிளம்பிக் குடலுக்கு வந்து சேரும். நாய் புதிதாக எதையும் விழுங்கியிருக்காது, ஆனாலும் சில வாரத்தில் மலத்தில் முட்டை தெரியும். அப்படிப்பட்ட நாய்க்கு ஒரு மாத்திரையோடு கணக்கை முடிக்காமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். மருந்துக்கே அடங்காத கொக்கிப்புழுவும் உலகில் உண்டு. அமெரிக்காவில் பந்தயத்துக்கு வளர்க்கப்பட்ட கிரேஹவுண்ட் நாய்களில் பல மருந்துகளுக்கும் பணியாத கொக்கிப்புழு இருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓயாமல் மருந்து கொடுத்து வளர்த்ததன் விளைவு என்றே அதைப் பார்க்கிறார்கள். இருந்தாலும் உங்கள் வீட்டு நாய்க்குப் புழு திரும்ப வந்தால் முதல் சந்தேகம் மண்ணின் மேல்தான் விழ வேண்டும்.

சாட்டைப்புழு

முன்பகுதி நூலாக மெலிந்து, பின்பகுதி தடித்திருக்கும். பெருங்குடலில் வாழும். நாய் விழுங்கிய முட்டை முதிர்ந்த புழுவாகி முட்டையிடச் சுமார் 3 மாதம் ஆகும் என்பதால் சின்னக் குட்டிகளில் இது பெரிதாகத் தெரியாது. வளர்ந்த நாய்க்குச் சளிபோன்ற வழவழப்போடு, சில சமயம் சிவப்பு இரத்தத் துளியோடு, விட்டு விட்டுப் பேதியானால் இதையும் மனதில் வைக்க வேண்டும். இதன் முட்டையும் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடையில் கிடைக்கும் எல்லாப் பூச்சி மருந்தும் இதைக் கொல்லாது.

நாடாப்புழு: அரிசி தெரிந்தால் ரோமத்தைப் பாருங்கள்

நாயின் ஆசனவாயைச் சுற்றியோ, அது படுத்து எழுந்த துணியிலோ அரிசி மணிபோல ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக விழுந்தது என்றால் சுருங்கி விரிந்து நகரும். காய்ந்தால் மஞ்சளாகி அசல் அரிசியேதான். அது முழுப் புழு அல்ல, நாடாப்புழுவின் கடைசிக் கண்ணி. உள்ளே முட்டைகள் நிறைந்திருக்கும். புழு அரை மீட்டர் வரை நீளமாகக் குடலில் இருக்கும், கண்ணிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே அனுப்பும்.

இந்த முட்டையை நாய் நேராக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. இடையில் தெள்ளுப்பூச்சி வேண்டும். நாயின் படுக்கையில் வாழும் தெள்ளின் புழுப்பருவம் முட்டையைத் தின்னும். அது வளர்ந்து தெள்ளாகி நாயின் மேல் ஏறும். அரிக்கிறதே என்று நாய் கடித்துச் சொறியும்போது தெள்ளு வாய்க்குள் போகும். 2, 3 வாரத்தில் மறுபடி அரிசி மணி. ஆகவே தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பது மருந்துக் கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

தெள்ளும் உண்ணியும் ஒன்றல்ல. உண்ணி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உப்பும், அதற்கும் இந்தப் புழுவுக்கும் சம்பந்தம் இல்லை. தெள்ளு பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். ரோமத்துக்குள் ஓடும், தாவும். கண்ணில் அகப்படாவிட்டால் வால் அடிப்பகுதியில் பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் தூளைச் சுற்றிச் செந்நிறக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் இரத்தம்தான். வெறும் அழுக்கு அப்படிக் கரையாது.

தெள்ளுக்குச் சம்பந்தமில்லாத நாடாப்புழுக்களும் இருக்கின்றன. அவை ஆடு மாடுகளின் ஈரல், நுரையீரல், குடலைச் சுற்றிய சவ்வு ஆகியவற்றில் நீர்க்கட்டிகளாக இருந்து, நாய் அதைப் பச்சையாகத் தின்னும்போது குடலுக்கு வருபவை. அதில் ஒன்று 3 முதல் 7 மில்லிமீட்டர் மட்டுமே நீளம் உள்ளது. நாய்க்கு அதனால் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குப் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ பெரிய நீர்க்கட்டியை வளர்த்துவிடும், பல சமயம் அறுவை சிகிச்சை வரை போகும். 19ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் இந்த நோய் ஊரெங்கும் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே அங்கே போய் நாய்களை ஆராய்ந்தார்; கசாப்புக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள் என்று விளக்கும் சிறு நூல் ஒன்று 1864இல் அச்சாகி மக்களிடம் போனது. நாய்க்கு மருந்து, கழிவைப் புதைத்தல் அல்லது எரித்தல், மக்களுக்கு விளக்கம் என்று தொடர்ந்து செய்தே அந்தத் தீவு நோயை ஒழித்தது. கறிக்கடையில் "நாய்க்குத்தானே" என்று கிலோ கணக்கில் குடலும் நுரையீரலும் மலிவாக வாங்குகிறவர்கள் அதைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்துப் போட்டால் போதும், விஷயம் முடிந்தது.

புழு என்று நினைத்து ஏமாறும் இடங்கள்

இனிப்புக் கொடுத்தால் பூச்சி வரும் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் நாய்க்கும் சேர்த்தே சொல்லப்படும் நம்பிக்கை. வெல்லத்திலிருந்தோ பால்சோற்றிலிருந்தோ புழு உற்பத்தி ஆவதில்லை. முட்டையோ இளம்புழுவோ உள்ளே போனால்தான் புழு. இனிப்பு நாய்க்கு வேறு காரணங்களுக்காக நல்லதல்ல, அது தனிக்கதை.

நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் உடனே "பூச்சிக் கடி" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சுரப்பிப் பைகள் அடைத்துக்கொள்வதே அதற்கு அடிக்கடி காரணமாக இருக்கும். மருத்துவர் பிதுக்கி விட்டால் தீரும்.

எனக்குப் பெரிய கவலை இது: தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, நாற்றத்தோடு இரத்தப் பேதியும் போனால் அதற்குப் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு நாள் பார்ப்போம் என்று இருப்பது. அது பார்வோ வைரஸாக இருக்கலாம், அந்த ஒரு நாள் உயிருக்கே வினையாகலாம். பேதிக்குக் காரணமான காக்சிடியா போன்ற நுண்ணுயிர்களும் புழு அல்ல, அவற்றுக்கு மருந்து வேறு. கொசுவால் பரவி இதயத்திலும் தோலுக்கடியிலும் வாழும் புழுக்களுக்கும் இந்த மாத்திரை உதவாது.

மலப் பரிசோதனை

நம் ஊரில் நாய்க்கு மலப் பரிசோதனை செய்கிறவர்கள் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை கொடுப்பதே வழக்கம். ஆனால் புழு திரும்பத் திரும்ப வரும் நாய்க்கு இந்தச் சோதனை இல்லாமல் சரியான பதில் கிடைக்காது. செலவும் அதிகமில்லை. வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகள் போன்ற பெரிய இடங்களில் செய்கிறார்கள். தனியார் ஆய்வகங்களும் உண்டு.

கட்டைவிரல் நுனி அளவு மலம் போதும். மண் ஒட்டாத பகுதியாக எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் அன்றைக்கே கொடுக்க வேண்டும். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். வெளியே வெப்பத்தில் வைத்துவிட்டால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து, பார்ப்பவரைக் குழப்பும்.

ஆய்வகத்தில் நடப்பது எளிமையானது. உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில் மலத்தைக் கலக்கி வடிகட்டி, குழாயின் விளிம்பு வரை ஊற்றி மேலே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைப்பார்கள். கனமான உப்பு நீரில் கசடு தங்கிவிடும், முட்டைகள் மட்டும் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டும். கால் மணி நேரத்தில் அதை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு புழுவும் தன் முட்டையால் தன்னைக் காட்டிக் கொடுக்கும். உருளைப்புழு முட்டை வட்டமாக, கருமையாக, ஓட்டில் பள்ளம் பள்ளமாக இருக்கும். கொக்கிப்புழு முட்டை மெல்லிய ஓட்டுடன் நீள்வட்டமாக, உள்ளே சில செல்கள் திரண்டு நிற்கும். சாட்டைப்புழு முட்டைக்கு இரு முனையிலும் அடைப்பு இருக்கும். நாடாப்புழு மட்டும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும், காரணம் அதன் முட்டைகள் கண்ணிக்குள்ளேயே அடைபட்டு வெளியேறுகின்றன. அதற்கு உங்கள் கண்தான் ஆய்வகம்: அரிசி மணியைப் பார்த்தால் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை

முதலில் எடை. "என் லேப் 20 கிலோ இருக்கும்" என்று சொல்பவர்களின் நாய் 30 கிலோ இருக்கும். இங்கே அதிகம் விற்கும் கூட்டு மாத்திரைகளில் பல 10 கிலோவுக்கு 1 என்ற கணக்கில் வருபவை. 30 கிலோ நாய்க்கு 1 மாத்திரை கொடுத்துவிட்டுப் புழு போகவில்லை என்றால் மாத்திரை என்ன செய்யும்? நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாயை மருத்துவமனைத் தராசில்தான் ஏற்ற வேண்டும்.

அந்தக் கூட்டு மாத்திரையில் பைரன்டெல், ஃபெபன்டெல், பிராசிகுவான்டெல் என்று மூன்று மருந்துகள் இருப்பது வழக்கம். பைரன்டெல் உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் பார்த்துக்கொள்ளும், சாட்டைப்புழுவுக்கு ஃபெபன்டெல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல். குட்டிகளுக்கான சிரப்பில் மூன்றும் இருக்காது, ஆகவே எந்தப் புழுவுக்கு எது என்று லேபிளைப் படிக்க வேண்டும்.

குட்டிக்கு 2 வார வயதில் தொடங்கி, 2 வாரத்துக்கு ஒருமுறை பால் மறக்கும் காலம் தாண்டும்வரை கொடுப்பது வழக்கம். கூடவே தாய்க்கும். பிறகு 6 மாத வயது வரை மாதம் ஒருமுறை. அதற்கப்புறம் பெரும்பாலான வீட்டு நாய்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. ஃபிளாட்டில் இருந்து பெல்ட்டோடு மட்டும் வெளியே போகும் நாய்க்கும், தோட்டம் துரவு சுற்றி எலி பிடித்துத் தின்னும் ராஜபாளையத்துக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. மருத்துவர் கூட்டவோ குறைக்கவோ செய்வார். உருளைப்புழு முட்டையிடும் வயதுக்கு வருமுன் அடித்துவிடுவதுதான் 2 வாரக் கணக்கின் சூட்சுமம். சினை நாய்க்கும் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் முறை உண்டு, ஆனால் அதை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

மாத்திரைக்கு முன் பட்டினி போட வேண்டுமா, பேதி மருந்து கொடுக்க வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். அது பழைய மருந்துகள் காலத்துப் பழக்கம். ஒரு காலத்தில் நாடாப்புழுவை வெளியேற்ற நாய்களுக்குக் கொடுத்தது அரிகோலின், நம் கொட்டைப்பாக்கில் இருக்கும் அதே சரக்கு. புழுவோடு சேர்த்து நாயின் குடலையே கலக்கிவிடும். 1970களில் பிராசிகுவான்டெல் வந்த பிறகு அந்தச் சித்திரவதை தேவையில்லாமல் போனது. இப்போது அவித்த முட்டையின் மஞ்சள் கருவிலோ பனீர் துண்டிலோ வைத்துக் கொடுத்துவிடலாம். பத்து நிமிடம் கூடவே இருங்கள். பனீரைத் தின்றுவிட்டு மாத்திரையை சோபாவுக்கு அடியில் துப்பும் கலையில் நாய்கள் தேர்ந்தவை.

கொடுத்த ஓரிரு நாளில் உருளைப்புழு மலத்தில் வரலாம், உயிரோடு நெளியவும் செய்யலாம். நாடாப்புழு குடலிலேயே செரித்துவிடும் என்பதால் ஒன்றும் வெளியே தெரியாது. புழு விழவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளில்லை.

சில எச்சரிக்கைகள். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் கொஞ்சம் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து தள்ளாட்டம், வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும். மற்ற இனங்களுக்கும் அளவு தப்பினால் விஷம்தான். பள்ளியில் குழந்தைகளுக்குக் கொடுத்த ஆல்பென்டசோல் வீட்டில் மிச்சம் இருந்தால் அதையும் நாய்க்குத் தர வேண்டாம், நாயின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. பூண்டு அரைத்துக் கொடுத்தால் புழு சாகாது, நாயின் இரத்தச் சிவப்பணுக்கள்தான் சிதையும். வேப்பிலையும் பாகற்சாறும் கொடுத்தே தீருவேன் என்பவர்கள் மலப் பரிசோதனை ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் செய்து பார்க்கட்டும்.

மண்ணும் வீடும்

மேலே சொன்ன நாள் கணக்குகளை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். கொக்கிப்புழு தொற்றத் தயாராக ஒரு வாரம்போல ஆகும், உருளைப்புழு முட்டைக்குக் குறைந்தது 2 வாரம். தினமும் மலத்தை அள்ளி அப்புறப்படுத்தினால் இரண்டும் மண்ணில் இறங்குவதற்கு முன்பே போய்விடும். இதற்கு இணையான மருந்து கடையில் இல்லை. மழையில் கரைந்து பரவிய பிறகு அள்ளுவதற்கு ஒன்றுமிருக்காது.

சிமெண்ட் தரையைக் கழுவிக் கொதிநீர் ஊற்றிக் காயவிடலாம். மண் தரையில் வெயில் படும்படி புல்லை வெட்டிவிடுங்கள். தெள்ளுக்கு நாயின் மேல் மருந்து போட்டால் மட்டும் போதாது, அது படுக்கும் சாக்கு, மிதியடி, கட்டில் அடி எல்லாவற்றிலும் தெள்ளின் முட்டையும் புழுப்பருவமும் இருக்கும். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவதும், மூலைகளைக் கூட்டுவதும் மாத்திரைக்குச் சமமான சிகிச்சை.

நமக்கு வருமா?

வரும், ஆனால் பயந்து நாயைத் துரத்தும் அளவுக்கு அல்ல. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு உண்டாக்கும் கீரிப்பூச்சி நாயிடமிருந்து வருவதில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான்.

நாயின் உருளைப்புழு முட்டையை மண்ணோடு குழந்தை விழுங்கினால், இளம்புழு குடலில் வளராமல் உடம்புக்குள் அலையும். பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல் போகும். சிலருக்குக் காய்ச்சல், ஈரல் வீக்கம், இருமல். அரிதாகக் கண்ணுக்குள் போனால் பார்வை கெடும். 1950இல் ஹெலனர் வைல்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அறுவையில் அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை ஆராய்ந்தபோது பலவற்றில் இருந்தது புழு. அவற்றில் பலவற்றைக் கண் புற்றுநோய் என்றே நினைத்திருந்தார்கள். நாயின் மலம் புதிதாக இருக்கும்போது இந்த முட்டை தொற்றாது என்பதை நினைவில் வையுங்கள். குட்டியைக் கொஞ்சுவதைவிட, வாரக்கணக்கில் மலம் கிடந்து மக்கிய மணலில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுவதில்தான் ஆபத்து அதிகம்.

நாயின் கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள் நுழைந்தால் அதற்கு மேல் போக வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊரும். காலிலோ தொடையிலோ சிவப்பாக, வளைந்து நெளிந்து, நாளுக்கு நாள் நீளும் அரிப்புக் கோடு அதுதான். தெருநாய்கள் உலவும் கடற்கரை மணலில் விரிப்பில்லாமல் உட்கார்ந்து வந்தவர்களுக்கு வருவது உண்டு. தோல் மருத்துவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். இதில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. 1911இல் இலங்கையில் புனுகுப் பூனையிடமிருந்து எடுத்து லூஸ் விவரித்த, இலங்கையின் பெயரையே தாங்கிய ஒரு கொக்கிப்புழு, நாய் பூனைகளில் வாழ்வதோடு மனிதக் குடலிலும் முழுதாக வளரக்கூடியது. மேலே கையில் சிந்திக்கொண்டாரே, அதே லூஸ்தான்.

தெருவிலிருந்து குட்டி ஒன்றை எடுத்து வந்தால், புழு இருக்கிறதா என்று யோசிக்கவே வேண்டாம், இருக்கிறது. எடை போட்டு, ஈறைப் பார்த்து, மலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு முதல் நாளே மருத்துவரிடம் போய்விடுங்கள். குட்டியின் வயிறு புழுவால் அடைத்துக் கிடந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொல்வது குடலை அடைக்கவும் கூடும், எந்த மருந்தை எவ்வளவு என்று அவர் பார்த்துச் சொல்வார். ஈறு வெள்ளையாக இருக்கும் குட்டிக்கு மாத்திரைக்கு முன்னால் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட இருக்கலாம். கடையில் ஒரு சிரப் வாங்கி ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் அது தெரியாமலே போய்விடும்.